ஐந்து அந்தர் மிச்சம்

சிமெந்துக்குப் பெயர் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த காலம் நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். பாணுக்கு வரிசை, சீத்தைத் துணிக்கு வரிசை, மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று வயிறு பொருமியது, இதெல்லாம் நீங்களும் சொல்வீர்கள், நானும் சொல்வேன். அதைச் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் கல்முனைக்குடியில் எங்கள் குறிச்சிப் பள்ளிவாசலுக்குச் சுவர் பூசச் சுண்ணாம்பு எரித்தார்கள். அந்தக் கதையை இப்போது ஆளுக்கொரு மாதிரிச் சொல்லித் திரிகிறார்கள். நான் கண்ணால் கண்டவள் என்பதால் என் பங்குக்கு எழுதி வைக்கிறேன்.

அப்போது நான் பாவாடை சட்டையோடு ஓடித் திரிகிற வயது. பள்ளிவாசலுக்குப் பொறுப்பாக இருந்த நம்பிக்கையாளர் என் வாப்பா. பஜாரில் அவருக்குச் சின்னதாக ஒரு நாட்டுமருந்துக் கடை. திப்பிலி, கசகசா, சதகுப்பை என்று சரக்கு நிறுத்துக் கொடுக்கிற கை அவருடையது. அந்தக் கைப்பழக்கமோ என்னவோ, பள்ளிவாசல் பொருள் என்று வந்துவிட்டால் மனிதர் ஒரு தூசிக்கும் பயப்படுவார். பள்ளி விளக்கு எண்ணெயை ஊற்றிவிட்டு வந்தால், விரலில் ஒட்டியதைக்கூடத் தலையில் தடவ மாட்டார். பள்ளி வாசலிலேயே துடைத்துவிட்டுத்தான் வருவார். உம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சிமெந்து கிடைக்காது என்று தெரிந்ததும், மட்டி ஓடு சேர்த்து நாமே சுண்ணாம்பு சுடுவோம் என்று ஜமாஅத்தில் முடிவானது. சேர்த்தவர்கள் யார் என்கிறீர்கள், நாங்கள்தான். பள்ளிக்கூடம் விட்டதும் கடகத்தைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் ஓடுவோம். உள்ளே சதை அழுகிய ஓடுகள் அடிக்கிற வாடை உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரியாமலே இருக்கட்டும். குதிகாலில் வெட்டு, விரல் இடுக்கில் வெட்டு, உப்புத் தண்ணீரில் அது எரிகிற எரிச்சல். பள்ளி முற்றத்தில் ஓடு குவியக் குவியக் காகமும் குவிந்தது. பாங்கு சொல்லும் மோதினார் கம்பை எடுத்துக்கொண்டு காகம் விரட்டுவதே தொழிலாகிப் போனார்.

வாப்பா அந்தக் குவியலைச் சும்மா விடவில்லை. கல்லைப் பொறுக்கினார், மீன் முள்ளைப் பொறுக்கினார், ஓட்டை இரண்டு தண்ணீரில் கழுவி வெயிலில் கலகலவென்று காயும்வரை பரப்பி வைத்தார். பிறகு அரிசி ஆலையிலிருந்து பெரிய தராசைக் கொண்டுவந்து வேப்பமரத்தில் தொங்கவிட்டு, ஊர் பார்க்க நிறுத்தார்கள். ஐம்பது அந்தர் வந்தது. அந்தர் என்றால் பழைய கணக்கில் நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வாப்பா எழுந்து, ஐம்பது அந்தர் ஓடு பள்ளிக்கு வக்பாகச் சேர்ந்திருக்கிறது, ஒரு பிடியும் வெளியே போகாது என்று சொன்னார். வக்பு என்றால் அல்லாஹ்வுக்கென்று கொடுத்தது. கொடுத்த பிறகு யாருக்கும் அதில் உரிமை இல்லை.

சூளை, நாவிதன்வெளிக்குப் போகிற வழியில் ஆற்றோரம் இருந்தது. ஓட்டையும் விறகையும் அடுக்கடுக்காக வைத்து எரிக்கிற சூளை. எரிந்து முடிந்து சுண்ணாம்பு மாட்டுவண்டிகளில் வந்தபோது வாப்பா கடைசி வண்டியின் பின்பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்து வந்தார். வழியில் எங்கள் வீடு. வண்டிக்காரன் ஒரு வாய் தேத்தண்ணி கேட்டிருக்கிறான். என் வீட்டு வாசலில் பள்ளிச் சாமான் ஏற்றிய வண்டி நிற்கக் கூடாது என்று வாப்பா நிறுத்தவிடவில்லை. உம்மா அவித்த தேத்தண்ணியை நான்தான் கேத்தலோடு தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினேன்.

இங்கேதான் விஷயம். எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஓடு வேய்ந்த நல்ல காய்ந்த அறை ஒன்று இருந்தது. வாப்பாவின் மருந்துச் சரக்கு எல்லாம் அங்கேதான் இருக்கும், மாரியிலும் ஒரு பொட்டு ஈரம் வராது. சுண்ணாம்பை அங்கே வைக்கலாம் என்று மோதினாரே சொன்னார். வாப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வக்புப் பொருளை நம்பிக்கையாளர் தன் வீட்டில் வைப்பதா. பள்ளிக்குள்ளேதான் வைக்க வேண்டும் என்றார். பள்ளிக்குள் கூரையோடு இருந்த இடம் ஒன்றுதான், தொழுகைக்கு முன்னால் கைகால் முகம் கழுவி வுழூச் செய்கிற தண்ணீர்த் தொட்டியான ஹவுளைச் சுற்றியிருந்த விறாந்தை. மூட்டைகளை அங்கே அடுக்கினார்கள். பூச வேண்டிய மேசன்மார் வெள்ளாமை வெட்டுக்குப் போய்விட்டார்கள். மூட்டைகள் அங்கேயே கிடந்தன.

காலையில் குர்ஆன் ஓதப் போகிற எங்களுக்கு அந்த மூட்டைகள் பெரிய சந்தோஷம். வெளியே மழைத் தூறல், கை விறைக்கும். மூட்டையில் கையை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்போம். சில மூட்டைகள் தாமாகவே பிரிந்து, உள்ளே கட்டியாக இருந்தது மாவாகிக் கொட்டிக் கிடந்தது. நாங்கள்தான் சாக்கைக் கிழித்தோம் என்று மோதினார் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் காதைத் திருகினார். சாக்கு தானாகக் கிழிகிறது என்று நாங்கள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. பிள்ளைகள் சொல்வதை அந்தக் காலத்தில் யார் நம்பினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஆட்கள் கலைகிற நேரம். அரிசி ஆலை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர் எழுந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் கண்ணில் பட்டதைக் கேட்காமல் விடுகிறவரும் இல்லை.

"ஓடு போகக்குள்ள மூட்டை முற்றம் நிறைய இரிந்திச்சி. சுண்ணாம்பு வந்து பாத்தா ஹவுளடி மூலையோட முடிஞ்சி போச்சி. மிச்சம் எங்க எண்டு ஆரும் கேக்கல்ல, நான் கேக்கிறன்" என்றார்.

வாப்பா எதிர்பார்த்த கேள்வி இல்லை அது. அப்போதுதான் மாஸ்டர் எழுந்தார்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டம் முடித்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த சயன்ஸ் மாஸ்டர். எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையும் அவர்தான். பேச்சு முடிந்து நாள் மட்டும் குறிக்காமல் இருந்தது. நம் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. நாங்கள் குடியிருந்த வீட்டை ராத்தாவின் பெயருக்கு எழுதுவதாக ஏற்பாடு. ஆகவே மாமனாராகப் போகிறவரைக் காப்பாற்ற மாப்பிள்ளை எழுந்தார், அதில் தப்பில்லை.

எங்கள் குர்ஆன் மத்ரஸாவின் கரும்பலகையைத் தூக்கிவரச் சொன்னார். நாங்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தோம். அலிப், பே என்று அரபு எழுத்து எழுதியிருந்த பலகையை அழித்துவிட்டு, மட்டி ஓடு என்பது என்ன, அது சூட்டில் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்று எழுதினார். ஒரு பங்கு சுண்ணாம்பு, மற்றது வாயு.

"நூறு பங்கு ஓட்டை எரிச்சா அம்பத்தாறு பங்குதான் சுண்ணாம்பு. நாப்பத்தினாலு பங்கு கண்ணுக்குத் தெரியாத காத்தாப் போயிரும். அது களவு போனதில்ல. அல்லாஹ் வச்ச கணக்கு. அம்பது அந்தர் ஓட்டுக்கு இருபத்தெட்டு அந்தர் சுண்ணாம்பு. மத்த இருபத்திரெண்டும் சூளையிலயே மேல போயிட்டு" என்றார்.

கூட்டம் வாயைப் பிளந்தது. சுப்ஹானல்லாஹ் என்றார்கள். காற்றுக்கு எடை இருக்கிறது என்பதே பலருக்குப் புதுச் செய்தி. வாப்பாவின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"நல்லம் மாஸ்டர். விளங்கிச்சி. அப்ப நிறுத்துப் பாத்திருவமே, இருபத்தெட்டு இரிக்கா எண்டு."

அதில் மறுக்க என்ன இருக்கிறது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆலைத் தராசு மறுபடியும் வேப்பமரத்தில் தொங்கியது. மூட்டை மூட்டையாக நிறுத்தார்கள். கொட்டிக் கிடந்த மாவையும் கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டி நிறுத்தார்கள். இருபத்தெட்டைத் தாண்டியபோது கீழே இன்னும் மூட்டை இருந்தது. முடிவில் முப்பத்து மூன்று.

குறைந்திருந்தால்கூடத் தூளாகப் பறந்தது, சாக்கில் ஒட்டியது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். கூடிவிட்டது. கூடியதற்கு என்ன சொல்வது. நல்ல சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சாம்பலையும் மணலையும் கலந்தால்தானே கூடும். ஒருவரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஹாஜியார் மாஸ்டரைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்.

"தராசு பிழையா, உங்கட கணக்குப் பிழையா?"

"கணக்குப் பிழைக்காது" என்றார் மாஸ்டர்.

படித்தவன் வாயில் வருகிற சொல். வந்த பிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று அவருக்கே விளங்கியிருக்கும், முகம் அப்படிப் போனது. பின்னாலிருந்து யாரோ, "அப்ப ஆளுதான் பிழை" என்றார்கள். வாப்பா குனிந்து தன் செருப்பைத் தேடினார். ஜன்னலில் நின்ற எனக்கு அவருடைய தொப்பியின் மேல்பக்கம் மட்டும் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் பண்ணிவிட்டால் விஷயத்தை விட்டுவிடலாம் என்று ஜமாஅத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். இளக்கமான தீர்ப்புத்தான். ஆனால் வாப்பாவை அவர்களுக்குத் தெரியவில்லை.

"நீங்க எடுக்கல்ல, கலக்கவுமில்ல. சத்தியம் பண்ணிட்டு வாங்களன்" என்றாள் உம்மா. சோறு அவருக்கு முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

"எடுக்கல்ல எண்டு சத்தியம் பண்ணுவன். அந்த அஞ்சு அந்தரும் என்ன எண்டு கேட்டா? என்ட பொறுப்புல இரிந்த சாமானுக்குள்ள எனக்குத் தெரியாத ஒண்டு இரிக்கி. தெரியாததுக்கு எப்படிக் குர்ஆனத் தொடுற?"

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"விலகிருவன்."

விலகினால் திருடன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. அந்தப் பெயரோடு ராத்தாவுக்கு யார் வந்து நாள் குறிப்பார்கள். உம்மா அதைச் சொல்லாமலே அழத் தொடங்கினாள். எனக்கும் பயமாக இருந்தது. கடையை மூடிவிட்டு நாங்கள் எல்லாரும் ஊரைவிட்டே போக வேண்டும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ராத்தா அழவில்லை. அவள் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். காரைதீவிலிருந்து வருகிற சயன்ஸ் ரீச்சருக்கு அவள் என்றால் உயிர். உயர்தரத்துக்கு அனுப்புங்கள் என்று அந்த ரீச்சர் வீடு தேடி வந்து கேட்டதும் நடந்தது. அதற்குள் மாப்பிள்ளை பேசிவிட்டார்கள். குமர்ப்பெண்ணை வீட்டில் இருத்தியாயிற்று. புத்தகங்களை அவள் நெற்பெட்டிக்கு மேலே அடுக்கி வைத்திருந்தாள். யாருக்கும் கொடுக்க மாட்டாள், திறந்து படிப்பதையும் நான் கண்டதில்லை.

அன்றைக்கு என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். பலகையில் எழுதியதைச் சொன்னேன். நிறுத்ததைச் சொன்னேன்.

"மூட்டை எங்க கிடந்தது?"

"ஹவுளடியில."

"சாக்கத் தொட்டா எப்படி இரிந்திச்சி?"

"சுட்டிச்சி. காலத்தால நாங்க கன்னத்த வச்சிக்கிட்டு நிப்பம். மறுகா அது தானாக் கிழிஞ்சி மாவாக் கொட்டிச்சி ராத்தா. நாங்க கிழிக்கல்ல. மோதினார் எங்களுக்குச் சும்மா அடிச்சார்."

"நீ கிழிக்கல்ல" என்றாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பெரியவர் என்னை நம்பினார்.

அடுப்புக்கரியை எடுத்துத் தரையில் எழுதினாள். ஐம்பத்தாறு, பதினெட்டு, எழுபத்து நான்கு. ஐம்பத்தாறு பங்கு சுண்ணாம்பு, பதினெட்டுப் பங்கு தண்ணீரைக் குடித்தால் எழுபத்து நான்கு பங்கு நீறின சுண்ணாம்பாகும். அப்படியானால் இருபத்தெட்டு அந்தரும் முழுக்க நீறினால் முப்பத்தேழு. முப்பத்து மூன்று என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே நீறியிருக்கிறது, மற்றது இன்னும் கட்டி. ஹவுளின் ஈரத்தை மூட்டைகள் குடித்துக்கொண்டு கிடந்திருக்கின்றன. தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு நீறும் என்பது வெற்றிலை போடுகிற எல்லாருக்கும் தெரியும். அந்தத் தண்ணீர் மாவுக்குள் ஒளிந்து எடையாக நிற்கும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை, பட்டம் படித்தவருக்கும் சேர்த்து.

வாப்பாவிடம் அவள் இதைச் சொன்னபோது அவர் தரையிலிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மெய்யா மகள்?"

"சுட்டுப் பாத்தா தெரியும் வாப்பா. மாவானதுல கொஞ்சம் கொண்டு வாங்க. முப்பத்தேழு கிராம் நிறுத்து எடுத்துச் சுட்டா இருபத்தெட்டுக் கிராம் வரும். தண்ணி போயிரும்."

"பள்ளிட சுண்ணாம்ப வீட்டுக்கா?"

"திரும்பக் கொண்டு வைக்கலாம்."

"தண்ணி போயிரும் எண்டு சொல்றாய். குறையிறதுக்கு ஆரு பொறுப்பு?"

உம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். ராத்தா சிரிக்கவில்லை. அவளுக்கு வாப்பாவைத் தெரியும். "குறையிற தண்ணிய எங்கட கிணத்தால அள்ளி ஹவுளுக்குள்ள ஊத்திருங்க வாப்பா" என்றாள். வாப்பா யோசித்துவிட்டு அது சரி என்றார்.

மோதினாரைச் சாட்சிக்கு வைத்து ஒரு சிரட்டை மாவு வந்தது. கடையிலிருந்து வாப்பா மருந்து நிறுக்கிற சின்னத் தராசு வந்தது. பித்தளைத் தட்டு இரண்டும் உள்ளங்கை அளவு, பட்டு நூலில் தொங்கும், மூச்சு விட்டாலும் ஆடும். அந்தத் தராசு பிறகு சுனாமியில் போனது. சிரட்டைக் கரியை மூட்டி, உடைந்த பானை ஓட்டில் மாவை வைத்து மேலே இன்னொரு ஓட்டைக் கவிழ்த்தாள். நான் ஊதுகுழலால் ஊதினேன். கன்னம் வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஊது, ஊது, ஓடு சிவக்கட்டும் என்று அவள் நிறுத்தவே விடவில்லை. ஆறியதும் நிறுத்தாள். இருபத்தெட்டுக்குக் கொஞ்சம் மேலே, இருபத்தொன்பதுக்குக் கீழே. வாப்பா அந்தத் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிற்காலத்தில் நான் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிற வேலைக்குப் போய், எடையும் அளவும் பார்த்தே தலை நரைத்தவள். இப்போது யோசித்தால், சூளையிலிருந்து இருபத்தெட்டே இருபத்தெட்டு அந்தர் வந்திருக்கவே முடியாது. வேகாத ஓடு கொஞ்சம் இருந்திருக்கும், பறந்தது கொஞ்சம், சாம்பல் கொஞ்சம். புத்தகத்துக் கணக்கு புத்தகத்தில்தான் சரியாக வரும். ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது சரி. அடுப்படித் தரையில் கரியால் போட்ட கணக்கு அது.

மாஸ்டரை வாப்பா வீட்டுக்குக் கூப்பிட்டார். நிக்காஹ்வுக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிக்கிற வழக்கம் இல்லை. "மாப்பிள்ளைக்குப் பிழை சொல்லுற பொண்ண ஆரு முடிப்பான்? பேசாம இரிகா" என்று உம்மா ராத்தாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். ராத்தா கையை விடுவித்துக்கொண்டு, நடு அறைத் திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

அவள் சொன்னாள். குரல் முதலில் நடுங்கியது. எண்கள் வந்ததும் நடுக்கம் போய்விட்டது. மாஸ்டர் ஒரு இடத்தில் மட்டும் குறுக்கே கேட்டார்.

"முழுக்க நீறியிரிந்தா முப்பத்தேழு வந்திரிக்கோணுமே?"

"நடுவுல இரிக்கிற மூட்டையெல்லாம் இன்னும் கட்டிதான். தண்ணியத் தெளிச்சுப் பாருங்க, கொதிக்கும்."

மாஸ்டர் சிரித்த சத்தம் கேட்டது. இளக்காரமான சிரிப்பு இல்லை. கணக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பு.

"நான் பாதியில நிண்டுட்டன்" என்றார். "வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னால சொல்றன். உங்கட மகள்தான் கண்டுபிடிச்ச எண்டும் சொல்றன்."

நான் ராத்தாவைப் பார்த்தேன். அவள் திரைச்சீலையின் விளிம்பைப் பிடித்திருந்தாள். அவ்வளவு அழகாக அவளை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, கல்யாணத்தன்றும் கண்டதில்லை.

"வேணா மகன்" என்றார் வாப்பா. "குமருட பேரப் பள்ளிக்குள்ள எடுக்கிறயா? ஊருல எத்தின வாய் இரிக்கி. பேர் வேணா."

"ஆரு செஞ்ச எண்டு கேப்பாங்களே."

"நீங்க செஞ்சதா இரிக்கட்டும். நான் உங்கள மண்டாடிக் கேக்கிறன். அவட பேர் எந்தக் காலத்துலயும் இதுல வரப்படாது."

மாஸ்டர் திரைச்சீலை இருந்த பக்கம் திரும்பியிருக்க வேண்டும், ஏனென்றால் ராத்தா ஒரு அடி பின்னால் வந்தாள். அவள் வாய் திறந்திருந்தது. அவளிடம் யாராவது கேட்பார்கள் என்று நின்றாள். யாரும் கேட்கவில்லை. "சரி" என்று மாஸ்டர் சொன்னது கேட்டது. உம்மா தேத்தண்ணி எடுத்துக்கொண்டு போனாள். அன்று மாலை வாப்பா ஒரு கிண்ணம் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோய் பிஸ்மி சொல்லி ஹவுளில் ஊற்றினார் என்று மோதினார் ஊரெல்லாம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நடந்தது உங்களில் பலபேர் கேள்விப்பட்டதுதான். மாஸ்டர் பலகையில் மீதியையும் எழுதினார். கட்டிச் சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்தார், அது சீறிக்கொண்டு புகைந்தது. மாவைச் சுட்டுக் காட்டினார், நிறுத்துக் காட்டினார். ஹாஜியார் எல்லாருக்கும் முன்னால் வாப்பாவைக் கட்டிப்பிடித்து, மாப்பாக்கோணும் என்று மன்னிப்புக் கேட்டார். சத்தியம் யாரும் கேட்கவில்லை. வாப்பா மௌத்தாகும்வரை அந்தப் பள்ளிக்கு அவர்தான் நம்பிக்கையாளர். நோன்புக்கு முன்னால் சுவர் பூசி முடிந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து ராத்தாவின் கல்யாணமும் முடிந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

கதை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. மாஸ்டர் பள்ளிக்குள் நின்று மாமனாரின் மானத்தைக் காத்தார் என்று பெருநாள் தினங்களில் சொல்வார்கள், கல்யாண வீடுகளில் சொல்வார்கள். மாஸ்டர் ஒரு தடவையும் தன் வாயால் சொன்னதில்லை, யாராவது சொன்னால் பேச்சை மாற்றுவார். ராத்தா எழுந்து உள்ளே போய்விடுவாள். அவர் நல்ல கணவர், அதில் குறை சொல்ல முடியாது. அவளைப் படிக்க அனுப்ப அவர் நினைத்திருந்ததாகவும், அதற்குள் மூத்த பிள்ளை உண்டாகிவிட்டதாகவும் கேள்வி. நான் வேலைக்குப் போகத் தொடங்கிய வருடம் ஒருநாள் அவளிடம் கேட்டேன்.

"ராத்தா, மச்சான் உன்ட கணக்கத் தன்ட எண்டு சொன்னதுல கோவமா?"

"அவருல கோவமில்ல" என்றாள். "வாப்பாவுலயும் கோவமில்ல. திரைக்குப் பின்னால அவடத்த நிண்ட என்னை ஒராளும் கேக்கல்லயே. அதுதான்."



இந்த வருடம் பழைய பள்ளியை உடைத்துவிட்டு மாபிள் பதித்துப் புதுப்பள்ளி கட்டித் திறந்தார்கள். திறப்பு விழாவுக்கு ஒலிபெருக்கியை ஊர் முழுக்கக் கட்டியிருந்தார்கள். நான் ராத்தாவின் வீட்டில் இருந்தேன். அவள் முன் விறாந்தையில் பாயை விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இப்போதைய நிர்வாகத்திலிருக்கிற ஒரு பொடியன் மைக்கைப் பிடித்து, பழைய பள்ளியின் வரலாறு என்று தொடங்கினான். சுண்ணாம்புக் கதையும் வந்தது. விஞ்ஞானத்தால் உண்மையை நிலைநாட்டிய எங்கள் மதிப்புக்குரிய ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் அவர்களே என்று மாஸ்டரைப் பேசக் கூப்பிட்டான். ராத்தா சுளகைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள், வழக்கம்போல.

அவர் மைக்குக்கு வர நேரம் எடுத்தது. முழங்கால் சரியில்லை. இருமினார். ஸலாம் சொன்னார்.

"இவங்க சொன்ன கணக்கு என்னுடையதல்ல" என்றார். "நான் போட்ட கணக்கு ஒரு நேர்மையான மனுஷனக் கள்ளனாக்கப் பாத்திச்சி. அதத் திருத்தினது ஒரு பொம்புளப் புள்ள. பதினெட்டு வயசு. பேரச் சொல்ல வேணாம் எண்டு என்ட மாமனார் மண்டாடிக் கேட்டதால இவ்வளவு காலமும் சொல்லாம இரிந்தன். அல்லாஹ் என்னையும் மன்னிக்கட்டும், அவரையும் மன்னிக்கட்டும். எனக்கும் காலம் கிட்டிட்டு. இனிச் சொல்லாம மௌத்தாக ஏலா."

சொன்னார். ராத்தாவின் பெயரை, வாப்பாவின் பெயரோடு சேர்த்து, இன்ன வளவு, இன்ன வீடு என்று ஒரு சாட்சி சொல்வதுபோல முழுக்கச் சொன்னார். நான்கு பக்கத்திலிருந்தும் ஒலிபெருக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதைச் சொல்லின. பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ராத்தாவுக்கு வரவில்லை. சுளகை இடுப்பில் அணைத்தபடி, உள்ளே போகாமல், வாசற்படியில் நின்று பள்ளிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே புதுச் சுவருக்குப் பின்னால்தான் மையவாடி. வாப்பாவை அங்கேதான் அடக்கியிருக்கிறோம்.

"வாப்பாக்கும் கேட்டிரிக்கும்" என்றாள்.